பேர் வெட்டிய போசி

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று அடுப்புப் பற்றவைத்தோம். வைத்தோம் என்று எழுதுகிறேனே தவிர, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான். அறக்கட்டளைத் தலைவர் திருமூர்த்தி அண்ணன் சூடம் காட்டினார், போட்டோவுக்கு நின்றார், மளிகைக் கடையைத் திறக்க நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்தி மூன்று வாரமாகிறது. சண்டை தறி வைத்திருப்பவர்களுக்கும் துணி வாங்குபவர்களுக்கும். பட்டினி மட்டும் தறி ஓட்டப் போகிறவனுக்கு. அண்ணன் நடத்தும் கைத்துணை அறக்கட்டளையில் அவர்களுக்கு மதியச் சோறு போடுவதென்று முடிவாயிற்று. அவசரத்துக்கு மருந்து, ஆஸ்பத்திரி போக வண்டி, இதுவும் உண்டு. சமையலுக்கு ஆள் தேடியபோது சத்துணவுக் கூடத்தில் காலம் முழுக்கக் கரண்டி பிடித்து ஓய்வு பெற்ற இந்தக் கமலவேணி ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்து மாலை போட்ட என் வீட்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

மூடிக்கிடந்த தறிக்குடோன்தான் சமையல்கூடம். சோறு வண்டியில் வீடு வீடாகப் போகும். ஓட்டுபவன் குப்புராஜ். வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி அண்ணன் வாங்கித் தந்திருக்கிறார். இன்னொன்றை அவரவர் வீட்டிலிருந்து தரவேண்டும். இன்று நிறைந்த போசி போனால், நேற்றுப் போனது காலியாகத் திரும்பும். இப்படி மாற்றி மாற்றி.

வந்த போசிகளில் பாதி கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள். மூடியில் பேர் வெட்டியிருந்தது. எல்லாரும் கொடுத்துவிட்டுப் போக, ஒருத்தி மட்டும் விட மனசில்லாமல் நின்றாள். பேர் மல்லீஸ்வரி. செட்டியார் லைன் வீட்டில் நாலாவது வீடு. முப்பது வயதிருக்கும், ஒல்லி. புருஷன் பூபதி தறி ஓட்டுகிறான், இவள் தறிக்கு நூல் தார் சுற்றுகிறாள். ஓட்டினான், சுற்றினாள் என்றுதான் எழுதவேண்டும். ரேஷன் கார்டு புருஷனின் ஊரில் மாமியார் பேரில் இருக்கிறதாம். இங்கே அரிசி வாங்க வழியில்லை.

"அக்கா, இது எங்கம்மா குடுத்த போசிங்க. மாறிப் போயிராமப் பார்த்துக்கங்க."

"மாறுனா என்ன அம்மிணி, இதுலயும் சோறுதான போடப்போறோம்?"

"அம்மா இப்ப இல்லீங்க்கா. அதனாலதானுங்க."

மூடியில் 'பூபதி – மல்லீஸ்வரி' என்று வெட்டி, கீழே எட்டு வருஷத்துக்கு முந்தைய கல்யாணத் தேதி. குழந்தைகள் எத்தனை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

போசிகள் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சாமி வந்துவிட்டது. ஒன்றில் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது, ஒன்றில் புளிச்ச வாடை, ஒன்றில் எறும்பு. நாங்கள் சமைப்போமா, எண்பது வீட்டுப் பாத்திரம் துலக்குவோமா?

மத்தியானம் வண்டியில் நானும் ஏறிப் போனேன். செட்டியார் லைனில் முதல் வீட்டுப் பங்கஜம்தான் எல்லா வீட்டுப் போசியையும் வாங்கி வைத்துத் தருகிறவள். அவள் வாசலில் நின்றே சத்தம் போட்டேன்.

"ஏனுங் பங்கஜம், நம்ம பக்கத்துல ஒரு ஊட்டுப் பாத்திரத்த வெறுசாக் குடுத்தனுப்புற வழக்கமுண்டா? ஒரு துளி சக்கரையாச்சும் போட்டுத்தான குடுப்போம்? நீங்க என்னடான்னா கழுவக்கூட மாட்டேங்கறீங்க!"

கழுவி அனுப்பச் சொல்லத்தான் அத்தனையும். பங்கஜம் சிரித்தாள், குப்புராஜும் சிரித்தான். நாலாவது வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு மல்லீஸ்வரியும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று எல்லாப் போசியும் பளபள. சத்தத்துக்கு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

மல்லீஸ்வரியின் போசியைத் திறந்தால் உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். ஒரு கரண்டி சர்க்கரை! எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அம்மா நன்றாக வளர்த்திருக்கிறாள். எல்லாருக்கும் டீ போட்டு அந்தச் சர்க்கரையைத்தான் கலந்தேன். குப்புராஜ் இரண்டு டம்ளர் குடித்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்றுத் தோட்டத்துக்காரர் ஒருவர் பப்பாளிக்காய் மூட்டை மூட்டையாய் இறக்கிவிட்டுப் போனார். தினமும் சாம்பார் ஊற்றிச் சலித்துக் கிடந்தேன், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். வாயில் வைத்தால் கரைந்தது, என்னையே மெச்சிக்கொள்ளலாம் போலிருந்தது. மற்ற வீடுகளில் வழித்துத் தின்றிருக்கிறார்கள். மல்லீஸ்வரி வீட்டுப் போசியில் மட்டும் மேல்கிண்ணத்தில் வைத்த கூட்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. விரல் பட்ட தடம்கூட இல்லை. கூடவே சர்க்கரைப் பொட்டலம், அது மட்டும் தவறவில்லை.

பசித்தவள் பப்பாளியைத் திருப்பி அனுப்புவாளா? திமிர் என்று சொன்னால் குப்புராஜ் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

ஆகஸ்ட் 30, சனி

சாம்பாரில் உப்புத் தூக்கல். என் தப்புத்தான். முழங்கால் வலி ஏறிக்கொண்டே போகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பங்கஜம் குப்புராஜிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். நாலாவது வீட்டுப் பிள்ளை மல்லீஸ்வரிக்கு ஊறுகாய் ஒரு துண்டு கிடைக்குமா என்று. அதோடு, என்றைக்காவது ஒரு நாள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று கலந்த சோறு போடுவார்களா என்றும் கேட்கச் சொன்னாளாம்.

"இதென்ன கல்யாண ஊடா, மெனு கேக்கறதுக்கு?" என்றேன்.

"கேட்டுச்சுங்க, சொன்னேன். என்னைய வைய்யாதீங்க்கா" என்றான் குப்புராஜ்.

வைதேன். வைதுவிட்டு, வீட்டு ஜாடியிலிருந்து நார்த்தங்காய் இரண்டு துண்டு எடுத்துவந்து அவள் போசியின் மேல்கிண்ணத்தில் வைத்தும் அனுப்பினேன். என் குணம் எனக்கே பிடிபடுவதில்லை.

செப்டம்பர் 6, சனி

மேல்கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் வந்தது. போசிக்குள் இன்று சர்க்கரை இல்லை. நூலில் கட்டிய ஒரு கொத்துக் கறிவேப்பிலை. தாளிப்புக்கு ஆயிற்று.

செப்டம்பர் 12, வெள்ளி

பூபதி சமையல்கூடத்துக்கே வந்திருந்தான். உயரமான ஆள், கூனிக்கொண்டு நிற்கிறான். நாளைக்கு மகாராஷ்டிரத்தில் இருக்கும் இச்சலகரஞ்சிக்குப் போகிறானாம். அங்கே தறி ஓடுகிறது, இங்கிருந்து நாலு பேராகக் கிளம்புகிறார்கள். தீபாவளி கழித்துத்தான் கூலி கைக்கு வருமாம்.

"சரி, போய்ட்டு வா. நல்லது" என்றேன். குழம்பு பொங்கி வழிகிற நேரம்.

போகாமல் நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்தான், மறுபடி போட்டான்.

"ஊட்டுல அவ மட்டுந்தானுங்க்கா. கொஞ்சம் பார்த்துக்கங்க."

"சோறு வந்துட்டுத்தான இருக்குது?"

"வருதுங்க்கா. அதில்லீங்க. அவ இப்பத் தனியாளு இல்லீங்க, அதுக்குத்தான் சொல்றேன்."

"தனியாளு இல்லைங்கறது தெரியாதா? பக்கத்துலயே பங்கஜம் இருக்கறா, லைன் முழுக்கச் சனமிருக்குது. நீ பயப்படாமப் போ" என்றேன்.

என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் குப்புராஜ் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். ஆம்பிளைகளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல அரை நாள் வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. திருமூர்த்தி அண்ணன் கடையிலிருந்து வரும் அரிசி மூட்டை பாதியாகிவிட்டது. கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனை எடுப்பதில்லையாம். முதல் மாதம் போட்டோவில் முண்டியடித்து நின்றவர்கள் இப்போது அண்ணனைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்களாம். ரசத்தில் தண்ணீரைக் கூட்டினேன். சோற்றில் கூட்ட முடியாதே.

தறிச் சத்தம் இல்லாமல் இந்த ஊரில் காது வலிக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

மல்லீஸ்வரி வீட்டிலிருந்து இன்று கல்லுப்பு. ஒரு சிட்டிகைதான் இருக்கும். வேண்டுமென்றே கிண்டல் செய்கிறாளா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என் சாம்பாரில் உப்பு ஏறி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, இன்னுமா சொல்லிக்காட்டுவது?

செப்டம்பர் 29, திங்கள்

இன்று நடந்ததை எழுதிவைத்துவிட வேண்டும்.

அண்ணன் வந்து அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் கறுத்துக் கிடந்தது. "கமலா, எண்பது ஊட்டுக்கு ஆவாது. ஐம்பதாக் குறைச்சாத்தான் தீபாவளி வரைக்கும் ஓட்டலாம். யார நிறுத்தறதுன்னு நீதான் சொல்லோணும்."

"நானா? நான் அடுப்புக்காரிங்கண்ணா."

"நான் எந்த ஊட்டையும் பார்த்ததில்லை. நீ தெனமும் பாத்திரத்தப் பார்க்கற. பசிச்சவன் பாத்திரம் எது, பசிக்காதவன் பாத்திரம் எதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சத்துணவில் அப்படித்தான் கண்டுபிடிப்பேன். வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளை தட்டை வழித்துத் துடைத்துவிடும். வீட்டில் இருக்கிற பிள்ளை பாதியைக் கொட்டும். அதில் நான் ஏமாந்ததே இல்லை.

போசிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மகன் திருப்பூரில் சம்பாதிக்கிற வீடு, நிறுத்தலாம். ஆடு வைத்திருக்கிற வீடு, நிறுத்தலாம். அப்படியே மல்லீஸ்வரியின் போசிக்கு வந்தது. திறந்தேன். உள்ளே ஒரே ஒரு செம்பருத்திப் பூ. சோற்றுப் பாத்திரத்தில் பூ வைத்தனுப்ப நேரமிருக்கிறது இவளுக்கு!

"புருஷன் வெளியூர்ல தறி ஓட்டறான். இவ ஒருத்திதான். சக்கரை அள்ளிப் போட்டு அனுப்பற ஊடுங்கண்ணா இது. பப்பாளிக் கூட்டு ஆவாதுன்னு திருப்பி அனுப்புனா. நிறுத்தலாம்."

"அந்தப் புள்ளை ஒண்ணுமே சொல்லாதுங்க்கா. கேக்கவும் தெரியாது" என்றான் குப்புராஜ், யாரும் கேட்காமலேயே.

"ஊறுகா கேக்கத் தெரிஞ்சுதல்ல?"

அடுத்த போசியை என் பக்கம் நகர்த்திவைத்தான். மூன்று பிள்ளை இருக்கிற வீட்டை நிறுத்திவிட்டு ஒற்றையாளுக்கு எப்படிப் போடுவது? யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. இத்தனை வீட்டை ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கு இறங்கும்?

அக்டோபர் 1, புதன்

நிறுத்திய வீட்டுக்காரர்கள் வந்து தங்கள் போசியை வாங்கிப் போனார்கள். இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு அது பரவாயில்லை, கேட்டுக்கொண்டேன். மல்லீஸ்வரி வரவில்லை. பங்கஜத்திடம் "சரிங்க்கா, வேற யாருக்காச்சும் ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாளாம்.

அவள் அம்மா கொடுத்த போசி என்னிடம் நிற்கிறது. அறக்கட்டளைப் போசி அவளிடம் நிற்கிறது.

அக்டோபர் 4, சனி

"அந்தப் போசிய நான் குடுத்துட்டு வந்தர்றனுங்க்கா" என்றான் குப்புராஜ்.

"வெறும் பாத்திரத்தையா? அன்னைக்கு ஊர் கேக்கக் கத்திப்போட்டு, நானே வெறுசாக் குடுக்கறதா?"

எதையாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். இங்கிருக்கும் அரிசியைப் போட்டால் நிறுத்திய மற்ற வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? என் வீட்டிலிருந்து கொண்டுபோய் நானே கொடுக்கிறேன். நாளைக்கு.

அக்டோபர் 7, செவ்வாய்

முழங்காலுக்கு ஒத்தடம். எங்கும் போகவில்லை.

அக்டோபர் 11, சனி

மழை. ஈர விறகு. போசி அலமாரியிலேயே இருக்கிறது. பேர் வெட்டிய பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிவைத்திருக்கிறேன். தூசி படிகிறது, அதனால்.

அக்டோபர் 16, வியாழன்

பங்கஜம் தன் வீட்டுப் போசியோடு சமையல்கூடத்துக்கே வந்தாள். அவளுக்கு இருமல், மருந்துக்குச் சீட்டு வாங்க வந்தவள். போகும்போது, "ஏனுங்க்கா, அந்தப் புள்ளைக்காச்சும் மறுபடி போடக்கூடாதுங்களா? வெளிய சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கியிருக்குது. ஆனா மனசு கேக்கமாட்டேங்குது. முழுகாம இருக்குதுங்க்கா அது" என்றாள்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஏழாம் மாசம். இது மூணாவது. முன்ன ரெண்டும் நிக்கல. அதான் கண்ணுபட்ரும்னு வவுத்தத் துண்டுல மூடிட்டு, ஊட்ட உட்டே வர்றதில்ல. அம்மா இல்லாத புள்ளை. ஏழாம் மாசத்துக் கட்டுச்சோறு கட்டிட்டு வர யாரிருக்கறா? அதுதானுங்க, உங்ககிட்டக் கலந்த சோறு கேட்டுச்சு. சுத்தி வளைச்சுக் கேட்டுச்சு."

பப்பாளி. நார்த்தங்காய். தனியாளு இல்லீங்க. அடுப்படியில் காலமெல்லாம் நின்ற ஒருத்திக்கு இது தெரியாமல் போகுமா? தெரியாமல்தான் போயிற்று. எனக்கு யாரும் கட்டுச்சோறு கட்டிவரும்படி ஒரு காலம் வந்ததில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு நானே கட்டுச்சோறு கட்டுகிறேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், ஐந்து வகை. அவள் அம்மா கொடுத்த போசியிலேயே. கண்ணாடி வளையலும் வாங்கவேண்டும்.

காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை ஓடுகிறது. இரண்டு போய் மூன்றாவது நிற்கிற பிள்ளைக்குத் தேய்பிறையில் போய்ச் செய்யலாமா? தீபாவளி, அமாவாசை கழியட்டும். இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, வளர்பிறை, நல்ல நேரமும் இருக்கிறது. எட்டு நாள்தானே. அண்ணனிடம் சொல்லி மறுபடி சேர்த்துவிடலாம் என்றால் அவரும் தீபாவளி கழியட்டும் என்கிறார்.

பங்கஜத்திடம், நான் வருவதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். திடீரென்று போய் நின்றால் எப்படி இருக்கும்! நெடுநாளைக்குப் பிறகு இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினேன்.

அக்டோபர் 18, சனி

புளி ஊறவைக்க மண்சட்டி வாங்கினேன். பச்சை வளையல் ஒரு டஜன். அளவு தெரியாது. அவள் கை ஒல்லி, சின்ன அளவாகவே எடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சமையல்கூடத்துக்கு ஞாயிறுவரை விடுமுறை. யாரோ புண்ணியவான் ஐம்பது வீட்டுக்கும் லட்டு அனுப்பியிருந்தார், நேற்றே கொடுத்தாயிற்று. செட்டியார் லைனில் ஒரு வெடிச்சத்தம்கூட இல்லையாம். அவரும் நானுமாக இருந்தபோது எனக்காக ஒரு சரவெடி வாங்கிவருவார், எனக்குப் பயம் என்று தெரிந்தே. இந்த வருஷம் மழைதான் வெடித்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

தேங்காய் உரித்துவைத்தேன். மிளகாய் வறுத்து இடித்தேன். வீடு முழுக்கப் பெருங்காய வாசம். நாளன்றைக்கு.

அக்டோபர் 24, வெள்ளி

எழுதவேண்டும். எழுதாமல் படுத்தால் நாளைக்கு நான் வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

விடிந்ததும் சமைத்து முடித்தேன். ஐந்தையும் தனித்தனியாக வாழையிலையில் பொதிந்து, போசியில் அடுக்கினேன். சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றுக்கும் மேலே. மூடியைத் துடைத்தேன். வளையல், பூ, மஞ்சள், குங்குமம் ஒரு பையில். குப்புராஜ் வண்டி கொண்டுவந்தான், புதுச்சட்டை போட்டிருந்தான். "எனக்கும் ஒரு பொட்டலமுண்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

பங்கஜம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்த பையையும் பூவையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"நேத்துத்தானுங்க்கா எடுத்தோம்."

புதன்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்றாளாம். உதிரம் பட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் படுத்தால் நின்றுவிடும், யாருக்கும் சொல்லாதீங்க, வெளியே தெரிந்தால் இதுவும் நிற்காது என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"வண்டிக்குப் போன் பண்றேன் புள்ளைன்னேன். எங்கையப் புடிச்சுட்டுச்சுங்க்கா. சோத்துக்கே நாம வேண்டான்னுட்டாங்க, வண்டிக்கு எந்த மொகத்தோட கேக்கறதுன்னுச்சு. மயங்கி உழுந்தப்புறந்தான் ஆட்டோவப் புடிச்சோம். போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ரெண்டு உசுரும். ஒடம்புல ரத்தமே இல்லையேம்மான்னு டாக்டரு கேட்டாருங்க. எங்கிருந்து வரும்? ஒரு நேரம் ஒலை வெச்சு, அதைய மூணு நேரத்துக்கு வெச்சுக் குடிச்சுட்டிருந்துச்சு."

"சக்கரை..." என்றேன்.

"என்ன சக்கரைங்க்கா?"

"போசில போட்டனுப்புவாளே."

"அதா? நீங்கதான அன்னைக்கு வெறும் பாத்திரமான்னு சத்தம் போட்டீங்க. அன்னைலருந்து எங்கிட்டக் கைமாத்து வாங்கித்தான் போட்டுட்டிருந்துச்சு. எங்கிட்டயும் தீந்துபோயி, அப்புறம் கெடைச்சதையெல்லாம் போட்டுச்சு. அக்கா ஒண்ணு சொன்னா அதுல அர்த்தமிருக்கும்னு சொல்லும்."

குப்புராஜ் வண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

நாலாவது வீட்டில் பூபதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். செய்தி கேட்டுக் கிளம்பி இன்று காலைதான் வந்து சேர்ந்திருக்கிறான். கடைசியாக அவள் முகத்தைக்கூட அவனுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து, உயரத்தைக் குறைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"வாங்க்கா."

நான் நின்றேன்.

"போன்ல தெனமும் கேப்பனுங்க. என்ன புள்ளை தின்னேன்னு. கமலக்கா சோறு வந்துச்சு, சாம்பாரு நல்லாருந்துச்சும்பா. நேத்து பூசணிக்காய்க் கூட்டும்பா. திங்கக்கெழமைகூட, அக்கா லட்டுக் குடுத்துவுட்டாங்கன்னா. நீங்க பார்த்துக்குவீங்கன்னுதானுங்க்கா நான் அங்க ரெண்டு சிப்டு ஓட்டிட்டிருந்தேன். உங்க சோறாச்சும் கடைசி வரைக்கும் கெடைச்சுதே அவளுக்கு."

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாசலில் பங்கஜம் நின்றாள், அவளும் சொல்லவில்லை. நான் போசியை நீட்டினேன். வாங்கி, மூடியைப் பார்த்தான். தன் பேரின்மேல் இல்லை, அவள் பேரின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டான்.

"என்ன சோறுங்க்கா இது?"

"கலந்த சோறு" என்றேன்.

"கேட்டுட்டே இருந்தாளுங்க" என்றான்.

உள்ளே கொண்டுபோய் வைத்தான். அறக்கட்டளையின் போசி மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்தவன் என்னிடம் தராமல் நின்றான். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். எல்லாவற்றையும் திறந்து பார்த்தான். அப்புறம் வெளியே போய்க் குழாயடியில் பாதி போசி தண்ணீர் பிடித்து, மூடி, இரண்டு கையாலும் கொடுத்தான்.

"வெறும் பாத்திரம் குடுத்தா அவ வைவாளுங்க்கா."

வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வளையல் பை அந்த வீட்டில் விட்டேனா, வண்டியில் விட்டேனா, தெரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

அடுப்புப் பற்றவைத்தோம். ஐம்பது வீடு. கத்திரிக்காய்ச் சாம்பார். அண்ணன் வந்து, கேள்விப்பட்டேன், உன் மேல தப்பில்லை கமலா, விதி என்றார். தலையாட்டினேன். மத்தியானம் குப்புராஜ் துலக்கப் பாத்திரம் எடுக்கும்போது அந்தப் போசியையும் தூக்கினான்.

"அதைத் தொடாதே."

"தண்ணிதானுங்க்கா இருக்குது. கொட்டிட்டுக் கழுவிடறேன். புது ஊடு ஒண்ணு சேர்த்திருக்காங்கல்லங்க, அவங்களுக்கு இதையக் குடுத்தரலாம்."

"கொட்டாதப்பா" என்றேன். "அது வெறுசா வரலை."